கடலோரம் காக்கும் அரசு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் உயிரியல், மீன்வளம், சுற்றுச்சூழல் படித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் தமிழ்நாட்டுக் கரையை மனதில் வைத்து எழுதியவை. நடுவே என் சொந்த அபிப்பிராயமும் வரும். பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள்.

இந்த வேலைக்கு அரசில் என்ன பதவிப் பெயர்?

ஒரே பெயர் கிடையாது, முதல் குழப்பமே அதுதான். கரையேறி முட்டையிடும் ஆமை வனத்துறையின் பொறுப்பு. அதே ஆமையை வலையில் மாட்டவிட்ட விசைப்படகு மீன்வளத்துறையின் பொறுப்பு. அந்த மணலில் யாரோ எழுப்பும் சுற்றுச்சுவர் சுற்றுச்சூழல் மற்றும் காலநிலை மாற்றத் துறையிடம் போகும், முகத்துவாரத்தில் கலக்கும் ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போகும். கரை அரிக்கிறது என்றால் கல் கொட்ட நீர்வளத்துறை வரும். நிலம் யாருடையது என்று சொல்ல வருவாய்த்துறை வர வேண்டும். கடலுக்குள்ளே கப்பல் மோதி எண்ணெய் கொட்டினால் கடலோரக் காவல்படை.

ஆகவே "கடலோர நிபுணர்" என்று யாரையாவது சொன்னால், அவர் இவற்றில் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்ற ஆறு நாற்காலிகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன படித்தால் நல்லது?

கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக உயராய்வு மையம் பழைய, பெயர் பெற்ற இடம். மீன்வள அறிவியலுக்கு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும், 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகமும். கடலியலுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம். கடலோர மேலாண்மைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி நிறுவனமே உண்டு. நிலவியல், சிவில் படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. கரை அரிப்பு என்று வந்துவிட்டால் உயிரியல் படித்தவரைவிட அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

பட்டத்தோடு ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் போட்டு ஆராயும் முறை, கற்றுக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன, இரண்டும் இலவசம். உங்கள் ஊர்க் கரையை எடுத்து முப்பது வருடத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். நேர்காணலில் அந்த ஒரு படம் பேசும்.

எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

இந்திய வனப் பணிக்கு யூபிஎஸ்சி. முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் எழுதுபவர்களோடு பொது, அதற்கப்புறம் தனி வழி. அறிவியல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற பட்டங்கள் வேண்டும், பி.காம். செல்லாது. பொதுப் பிரிவில் வயது 21 முதல் 32 வரை. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1ஏ. வனக் காப்பாளர், வனக் காவலர் பதவிகள் 2024-இல் குரூப் 4-க்குள் வந்தன. மீன்வள ஆய்வாளர் பதவிகளும் டிஎன்பிஎஸ்சி வழியாகத்தான்.

ஒரு எச்சரிக்கை. வனப் பணியில் உங்களுக்கு எந்த மாநிலம் ஒதுக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. மத்தியப் பிரதேசம் கிடைத்தால் கடலுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். மாநிலப் பணியிலும் மண்டபத்தில் பவளப்பாறையைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில் முதுமலைக்கு மாற்றல் வரும். கடலை நன்றாகத் தெரிந்த அதிகாரிகளை யானை விரட்ட அனுப்புவது நம் நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

தேர்வு எழுதாமல் உள்ளே போக முடியாதா? எம்.எஸ்சி. முடித்துவிட்டேன்.

முடியும், ஒப்பந்தத்தில். பள்ளிக்கரணையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன, இரண்டும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம், இது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம். 1947-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் தலைமையகமே முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, கொச்சிக்குப் போனது பிறகு. இங்கெல்லாம் திட்ட உதவியாளர், திட்ட விஞ்ஞானி என்று ஆள் எடுப்பார்கள். களத்தில் நனைவது பெரும்பாலும் இவர்கள்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மூன்று வருடம் கற்றுக்கொள்ள நல்ல இடம். அதையே நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

சிஆர்இசட் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் நிபுணருக்கு என்ன வேலை?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்த மாதிரி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது, 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். பிறகு 2011-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. கடலை ஒட்டி, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் ஆட்சி. அலையாத்தி, பவளப்பாறை, மணல் குன்று, ஆமை முட்டையிடும் இடம் போன்றவை முதல் வகை. ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி இரண்டாம் வகை. கிராமப்புறம் மூன்றாவது. நீர்ப்பரப்பு நான்காவது. 2019 அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர் என்றால் கட்டடம் கூடாத பகுதி 50 மீட்டர், இல்லையென்றால் 200 மீட்டர். அந்தந்த மாநில வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெறும்வரை 2011 அறிவிக்கைதான் செல்லும்.

எல்லாம் அந்த உயர் அலைக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை தொடுகிறதோ அதுதான் கோடு. கேட்க எளிது. கரையில் போய் நின்றால் அங்கே கோடு எதுவும் இல்லை. ஈர மணல், அதற்கு மேலே ஒதுங்கிய பாசியும் சிப்பியும் பிளாஸ்டிக்கும், அதற்கும் மேலே அடம்பங்கொடி தொடங்கும் இடம். இவற்றையும் மணல் திட்டின் முகட்டையும் பார்த்து, செயற்கைக்கோள் படத்தோடும் ஜிபிஎஸ் புள்ளிகளோடும் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கோட்டைத் தீர்மானிக்கிறது. கழிமுகத்தில் இன்னும் சிக்கல். உப்பங்கழி வழியாக அலை உள்ளே ஏறி வருவதால் கோடும் உள்ளே வளைந்து வளைந்து போகும். அந்த வளைவில் பத்து மீட்டர் இப்படி அப்படிப் போனால் ஒருவருடைய விடுதி சட்டப்படியானதாகும், இன்னொருவருடைய வலை காயப்போடும் திடல் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும்.

அதனால் இந்த வேலையில் நீங்கள் செய்யும் பெரிய காரியம் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடப்பது என்றே நான் சொல்வேன். படகு நிறுத்தும் இடம், கருவாடு காயும் களம், கோயில் திடல், ஊர்ப் பொது நிலம் எல்லாம் அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வரைவு வரைபடத்தின் மீது கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது "எங்க ஊரையே காணோம் சார்" என்று ஒரு பெரியவர் எழுந்து சொல்வார். அநேகமாக அவர் சொல்வது சரியாக இருக்கும்.

விதியை மீறினால் உண்மையிலேயே இடிப்பார்களா?

2020 ஜனவரியில் கேரளத்தின் மரடுவில் அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1996 டிசம்பரில், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் கடலோர மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது அதே நீதிமன்றம். தஞ்சைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பானதும் வயல் கெட்டதும் அந்த வழக்கின் பின்னணி. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்குத் தனி வழி திறந்தது. இடிப்பு நடக்கும், ஆனால் அபூர்வம். தினசரி நடப்பது நோட்டீஸ்.

கடல் அரிக்கிறது, ஊரார் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். நிபுணர் ஏன் தயங்குகிறார்?

கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் அந்த வளைவைப் போட்டால் மணல் அந்த ஊரில் நிற்கும், வடக்கே இருக்கும் ஊரில் நிற்காது.

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலை மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவக்காலத்து அலை தெற்கே இழுக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் வருடக் கணக்கில் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. வண்ணி, தெண்டி என்று மீனவர்கள் கடல் நீரோட்டத்தின் போக்கைச் சொல்வது அலுவலகத்துக்குத் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இருக்கிற அறிவு. கடலுக்குள் ஒரு கல் கை நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் பசித்த அலை கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஊர் ஊராகக் கரை போனது. புதுச்சேரியில் 1989-இல் துறைமுகத் தடுப்புகள் வந்தபின் நகரத்துக் கடற்கரை மணலே இல்லாமல் போய்க் கல்லாக நின்றது. அங்கே சுவர் போட்டதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது, அங்கிருந்தும் இன்னும் வடக்கே. வியாதி தீரவில்லை, ஊர் மாறிக்கொண்டே போனது.

மாற்று இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் கடலூர் பெரியகுப்பத்தில் நீருக்கடியில் மணல் நிரப்பிய பெரிய பைகளை அடுக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். புதுச்சேரியில் 2018 வாக்கில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்து, மணலும் நிரப்பி, கொஞ்சம் கடற்கரையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் இதற்கெல்லாம் ஆய்வு வேண்டும், காலம் வேண்டும், வருடா வருடம் பராமரிப்பும் வேண்டும். வீடு கடலில் விழுந்துகொண்டிருக்கும் அம்மாவிடம் போய் "மாதிரி ஆய்வு முடியட்டும்மா" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் கல்லைக் கேட்பதில் தப்பில்லை. கல் போட்டால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்று அறிக்கையில் எழுதாமல் விடுவதுதான் தப்பு.

ஆமை முட்டை எடுக்கும் வேலை யாருடையது? நானும் போகலாமா?

வனத்துறையுடையது, தன்னார்வலர்களோடு சேர்ந்து. சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இலிருந்து இரவு நடை போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அதிகம் கரையேறும்.

வேலை இப்படி இருக்கும். நள்ளிரவுக்குமேல் ஈர மணலை ஒட்டி நடக்கிறீர்கள். கரையிலிருந்து மேலே ஏறி, திரும்ப இறங்கிய துடுப்புத் தடம் தெரிகிறது. தடத்தின் உச்சியில் மணல் கலைந்திருக்கும். ஆமை போலியாகவும் மணலை இறைத்துவிட்டுப் போகும் என்பதால் முட்டை எங்கே என்று உடனே தெரியாது. குச்சியை மெல்லச் செருகிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் பிடிப்பில்லாமல் இறங்கும். அங்கிருந்து கையால் மட்டும் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற குழிக்குள், நூறு சொச்சம் முட்டைகள் வழவழவென்று. அவற்றைப் புரட்டாமல், குலுக்காமல் துணிப்பையில் எடுத்து, அந்தக் குழியின் மணலையும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் வைக்க வேண்டும். 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். அதனால் பொரிப்பகத்துக்கு நிழல் எவ்வளவு போடுவது என்பதுகூட ஒரு அறிவியல் முடிவுதான்.

இதில் மனம் லயித்துவிட்டால் ஒரு ஆபத்து உண்டு. குஞ்சு விடுவது படமெடுக்க அழகானது. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் தமிழ்நாட்டுக் கரையில் செத்து ஒதுங்கின, சென்னையை ஒட்டிய கரையில்தான் அதிகம். ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிர். இழுவலைக்குள் நேரமாக மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகும். வலையில் ஆமை வெளியேறும் வழி வைக்கும் கருவி இருக்கிறது, மீனும் அதன் வழியே போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார்வதுதான் கடினமான பணி. அங்கே யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

மரம் நட்டால் போதாதா? சுனாமிக்கு அப்புறம் சவுக்கு நட்டார்களே?

எங்கே நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2004 சுனாமிக்குப் பின் மணல் குன்றுகளின்மேல் சவுக்கை நெருக்கி நட்டார்கள். அந்த இடம் அடம்பங்கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் உரியது. மணலைக் கட்டிப்பிடித்துக் குன்றாக்குவது அவை. அலைக்கு மிக அருகில் சவுக்கு வந்தால் ஆமை முட்டையிடவும் இடமிருக்காது. "தரிசு" என்று கோப்பில் எழுதியிருக்கிற மணல் மேடு பெரும்பாலும் தரிசு இல்லை.

அலையாத்தியில் கதையே வேறு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பழைய காலத்தில் காட்டைத் திட்டுத் திட்டாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேற்று நிலம் அமிழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த அலை நீர் வெளியேறாமல் காய்ந்து உப்பு ஏறியது, செடி முளைக்கவில்லை. ஆடுமாடும் மக்களும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி போட்டார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றவற்றத்தில் தண்ணீர் போய் வரத் தொடங்கியதும் உப்பு இறங்கியது, வெண்கண்டல் பிழைத்தது. முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம்தான் செடி. நட்ட கன்றின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் படிவங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

மன்னார் வளைகுடாவில் வேலை எப்படி?

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. கட்டடச் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் சிமெண்ட் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணித்தார்கள்.

ரோந்தும் உண்டு. கடல் அட்டை 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் மூன்று முதல் ஏழு வருடச் சிறை. அட்டை வலையில் தானாகவும் ஏறும் என்பதால் மீனவர்களுக்கு இதில் பெரிய மனக்குறை. வடக்கே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆனது, நாட்டிலேயே முதலாவது. ஆவுளியா என்கிற அந்தக் கடற்பசு மேயும் கடல்தாழைப் (கடற்புல்) படுகைதான் அங்கே காக்கப்பட வேண்டிய பொருள்.

மீனவர்கள் அதிகாரிகளை எதிரியாகத்தான் பார்ப்பார்களா?

சீருடையைப் பார்த்ததும் அப்படித்தான். தீவுக்குப் போய்ப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களைத் தடுத்த கதைகள் ராமநாதபுரம் கரையில் ஏராளம். ஆனால் வலையில் சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து நஷ்டமாக்கிக்கொண்டு, திரும்பக் கடலில் விடுவதும் மீனவர்கள்தான். ஊர்ப் பஞ்சாயத்தார், நாட்டார்கள் யார் என்று தெரிந்துகொண்டு முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அப்போது உட்கார்ந்து பேசினால் நிதானமாகப் பேசுவார்கள். "தம்பி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டால் அதற்கப்புறம் கிடைக்கும் தகவல் எந்த ஆய்வறிக்கையிலும் இருக்காது.

எண்ணெய்க் கசிவு ஏற்பட்டால் யார் என்ன செய்வார்கள்?

கடலில் கடலோரக் காவல்படை பொறுப்பு, கரையில் மாநிலம். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய கனரக எண்ணெய் களி போலக் கட்டிப்போய்ப் பம்பில் ஏறவில்லை. இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளியதை ஊரே பார்த்தது. நம் தயார் நிலை என்ன என்பதற்கு அந்த வாளிதான் சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். அப்படிப்பட்ட நாளில் நிபுணரின் வேலை மாதிரி எடுப்பது, அலையாத்தி வேரில் எவ்வளவு உயரத்துக்குக் கறை என்று அளப்பது, எந்தெந்த ஊருக்கு வலையும் படகும் நாசம் என்று பட்டியல் போடுவது. நிவாரணம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வரும், விட்டுப்போன பெயரைப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

மேலிடத்திலிருந்து அழுத்தம் வருமா?

வரும். "கொஞ்சம் சாதகமா எழுதுங்க" என்று போனில் வரும், எழுத்தில் வராது. நீங்கள் பார்த்ததைத் தேதி, இடம், புகைப்படத்தோடு கள ஆய்வுக் குறிப்பில் அன்றே எழுதிவிடுங்கள். முடிவெடுக்கிறவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அது அவர் உரிமை. உங்கள் குறிப்பு கோப்பில் இருந்தால் ஐந்து வருடம் கழித்துப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கோப்பைக் கேட்கும்போது அது பேசும்.

என் மகள் போக ஆசைப்படுகிறாள். பாதுகாப்பா?

பெண்கள் வனச்சரகராக, விஞ்ஞானியாக, முக்குளிப்பவராகக் கடலோரத்தில் வேலை பார்க்கிறார்கள். இரவு ரோந்து குழுவாகத்தான். நிஜமான தொல்லை வேறு: நாள் முழுக்கத் தீவிலோ படகிலோ இருக்கும்போது கழிப்பறை கிடையாது. அதைப் பற்றி எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். அனுப்புங்கள் சார்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள்.

சம்பளம்?

இந்திய வனப் பணியில் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், படிகள் தனி. நெட் தேர்ச்சியோடு இளநிலை ஆய்வாளராகப் போனால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். காவலர் நிலையில் இதைவிடக் குறைவு, உழைப்போ இதைவிடக் கூடுதல்.

இலங்கையில் இதற்கு என்ன ஏற்பாடு?

அங்கே கரைக்கென்று தனித் திணைக்களமே இருக்கிறது. 1981-இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிலப்பக்கம் 300 மீட்டர், கடல்பக்கம் இரண்டு கிலோமீட்டர் என்று வரையறுத்தது. கடல் மாசைக் கவனிக்கத் தனி அதிகார சபை உண்டு. 2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்கியபோது முன்னால் நின்றவர்களில் அவர்களும் உண்டு.

எங்கள் ஊர்க் கரையில் விதிமீறல் நடக்கிறது. யாரிடம் சொல்வது?

கட்டடமோ மணல் அள்ளுவதோ என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள், மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். நகல் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்கு. ஆமை, கடற்பசு, பவளம் என்றால் வனச்சரக அலுவலகம். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554. மனுவில் சர்வே எண், கிராமத்தின் பெயர், தேதி தெரியும் புகைப்படம், கூகுள் எர்த்தில் முன்னும் பின்னும் எடுத்த படம் நான்கையும் வையுங்கள். சர்வே எண் இல்லாத மனு தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் கான்கிரீட் போட்டு முடித்திருப்பார்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.